பல்கலைக் கழகமும் பக்கத்துக் கிராமமும்: விசுவபாரதியில் ஆராய்ச்சியும் வளாக வாழ்வும்

நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்கும் கலைக் கல்விக்கும் என்ன தொடர்பு என்னும் வினா அடிக்கடி எழுப்பப்படுகிறது. வேளாண்மைப் பல்கலைக் கழகம் புதிய நெல் வகைகளைத் தருகிறது; பொறியியற் கல்லூரி பாலங்களையும் பொறிகளையும் அமைக்க வல்லாரை உருவாக்குகிறது. ஆனால் மொழி, வரலாறு, மெய்யியல், இசை, ஓவியம் ஆகியவற்றோடு அறிவியலையும் சேர்த்துக் கற்பிக்கும் பல்கலைக் கழகம் ஒன்றினால் உழவருக்கும் நெசவாளருக்கும் நேரடியாகக் கிடைப்பது யாது? 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பல துறை அறிவும் இணைந்த பரந்த கல்வியை உயர் கல்வியின் இலக்காக அறிவித்ததிலிருந்து இவ்வினா மேலும் வலுப்பெற்றுள்ளது.

இதற்கு விடை காணப் புதிய சோதனை எதையும் தேடவேண்டியதில்லை. நூறாண்டுக்கும் மேலாக நடந்துவரும் சோதனை ஒன்று நம் நாட்டிலேயே உள்ளது. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில், போல்பூரை அடுத்து அமைந்துள்ள விசுவபாரதிப் பல்கலைக் கழகமே அது. அதன் ஆராய்ச்சிகளையும் வளாக நிகழ்ச்சிகளையும், அவை சாதித்தவற்றையும் சாதிக்கத் தவறியவற்றையும் ஆராய்வது, மாணவர்க்கும் வளர்ச்சிப் பணி அலுவலர்க்கும் ஒருங்கே பயன் தருவதாகும்.

இரு வளாகங்கள், ஒரே நோக்கம்

கவியரசர் இரவீந்திரநாத் தாகூர் 1901-இல் சாந்திநிகேதனத்தில் ஒரு சிறிய பள்ளியைத் தொடங்கினார். இருபது ஆண்டுகள் கழித்து, 1921 டிசம்பர் 23 அன்று, அது விசுவபாரதியாக முறைப்படி மலர்ந்தது. 1951-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வாயிலாக மத்தியப் பல்கலைக் கழகமும், தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமும் ஆயிற்று. நாட்டின் பிரதமர் இதன் வேந்தராக விளங்குவது வழக்கம்.

இங்கே துறைகள் 'பவனங்கள்' எனப்படும். நந்தலால் போஸ் வழிநடத்திய கலா பவனம், இசைக்கும் நடனத்துக்குமான சங்கீத பவனம், 1937-இல் அறிஞர் டான் யுன்-ஷானின் முயற்சியால் எழுந்த சீன பவனம், 1939-இல் தொடங்கிய இந்தி பவனம் ஆகியவை நாடறிந்தவை. மொழிகளுக்குப் பாஷா பவனமும், கலை மற்றும் சமூக இயலுக்கு வித்யா பவனமும், அறிவியலுக்குச் சிக்ஷா பவனமும், ஆசிரியர் பயிற்சிக்கு விநய பவனமும் உள்ளன. சிறு பிள்ளைகளின் பள்ளி முதல் முனைவர் பட்ட ஆய்வு வரை ஒரே நிறுவனத்தில் நடைபெறுவது இதன் தனிச் சிறப்பு. மரநிழலில் வகுப்புகள் நடக்கும் காட்சியை இன்றும் காணலாம். வார விடுமுறை புதன்கிழமையன்று.

எனினும் பலர் அறியாத பாதி ஒன்று உண்டு. சாந்திநிகேதனத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில் சுருல் என்னும் சிற்றூரை ஒட்டி ஸ்ரீநிகேதன் உள்ளது. கலையும் கல்வியும் ஒரு வளாகத்தில். பயிர்த் தொழிலும் கைத்தொழிலும் கிராமச் சீரமைப்பும் மற்றொரு வளாகத்தில். இவ்விரண்டும் ஒரே பல்கலைக் கழகத்தின் இரு கைகள் என்பதே தாகூரின் கருத்து.

ஸ்ரீநிகேதன் எழுந்த காரணம்

பீர்பூமின் செம்மண் நிலம் மழையால் அரிக்கப்பட்டு ஆழ்ந்த பள்ளங்களாகக் காட்சி தருவதை அப்பகுதி மக்கள் 'கோவாய்' என்பர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பகுதிக் கிராமங்களை மூன்று துன்பங்கள் ஒருங்கே வாட்டின: மண்வளம் குன்றியது, மலேரியா மக்களை வலுவிழக்கச் செய்தது, கடன் சுமை பயிரிடுவோரை நிலத்திலிருந்து பிரித்தது. இவற்றுள் ஒன்று மற்றொன்றை வளர்த்தது. காய்ச்சலில் கிடப்பவன் உழமாட்டான். உழாதவன் கடன் வாங்குவான். கடன்பட்டவன் எருவிட்டு மண்ணைப் பேண மாட்டான்.

இச்சிக்கலை ஒரு துறை அறிவினால் மட்டும் அவிழ்க்க இயலாது என்பதைத் தாகூர் உணர்ந்தார். தம் மகன் ரதீந்திரநாத்தை அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக் கழகத்துக்கு வேளாண்மை பயில அவர் அனுப்பியதும் இந்நோக்கிலேயே. கார்னெல் பல்கலைக் கழகத்தில் வேளாண்மை கற்ற ஆங்கில இளைஞர் லெனார்டு எல்ம்ஹர்ஸ்ட், 1922 பிப்ரவரி 6 அன்று ஒரு சிறு மாணவர் குழுவுடன் சுருலில் பணியைத் தொடங்கினார். மண்வளம் சுரண்டப்படுவதைப் பற்றி அதே ஆண்டு கல்கத்தாவில் அவர் ஆற்றிய உரை, இன்று சுற்றுச்சூழல் பற்றிப் பேசுவோரும் படிக்கத் தக்கது.

பணியின் முறை எளியது. முதலில் கிராமத்தின் நிலைமையைக் கணக்கெடுத்தல். பிறகு அக்கணக்கைக் கொண்டு கிராமத்தாரோடு கலந்து பேசுதல். அதன்பின் அவர்களே நடத்தக்கூடிய அமைப்புகளை உருவாக்குதல். காளிமோகன் கோஷ் போன்ற ஊழியர்கள் ஊர் ஊராகச் சென்றனர். சிறுவர்கள் 'விரதி பாலகர்' என்னும் அணிகளாகத் திரட்டப்பட்டுக் குட்டைகளைத் தூர்ப்பதிலும் நோய்த் தடுப்பிலும் ஈடுபட்டனர். பல குடும்பங்கள் சேர்ந்து சந்தா செலுத்தி ஒரு மருத்துவரை அமர்த்திக்கொள்ளும் சுகாதாரக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. 1927-இல் கூட்டுறவு வங்கி நிறுவப்பட்டது. நெசவு, தோல் வேலை, மட்பாண்டம், மரவேலை ஆகியவற்றைக் கற்பிக்கும் சில்ப சதனம் வளர்ந்தது. அங்கே செழித்த சாந்திநிகேதன் தோல் பொருள்கள் இன்று புவிசார் குறியீடு பெற்றுள்ளன.

1952 அக்டோபர் 2 அன்று நாடெங்கும் தொடங்கப்பட்ட சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் முன்னோடிகளுள் ஸ்ரீநிகேதன் எண்ணப்படுவது இதனாலேயே. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் 1921-இல் தொடங்கிய கிராமப் புனரமைப்புப் பணியும் இதே வரிசையில் வைத்து எண்ணப்படுவதாகும்.

அளந்து பார்க்கும் மரபு

ஸ்ரீநிகேதன் தந்த கொடைகளுள் தலையாயது, கிராமத்தை அளந்து பார்க்கும் மரபு எனலாம். ஒரு கிராமத்தை ஒருமுறை ஆராய்வது எளிது. அதே கிராமத்துக்குப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிச் சென்று, அதே வினாக்களைக் கேட்டு, மாற்றத்தைக் கணிப்பது அரிது. ஒருமுறை எடுத்த கணக்கு நிலைமையை மட்டும் காட்டும். திரும்ப எடுத்த கணக்கே அந்நிலைமை எத்திசையில் செல்கிறது என்பதைக் காட்டும்.

1930-களில் ஸ்ரீநிகேதனைச் சுற்றியிருந்த ஊர்களை ஆராய்ந்த ஹாஷிம் அமீர் அலி, கால் நூற்றாண்டுக்குப் பின் அவ்வூர்களுக்கே மீண்டும் சென்றார். 1933 முதல் 1958 வரை ஏற்பட்ட சமூக, பொருளாதார மாற்றங்களை ஒப்பிட்டு அவர் எழுதிய நூல் 1960-இல் வெளியாயிற்று. விசுவபாரதியில் 1954-இல் நிறுவப்பட்ட வேளாண் பொருளாதார ஆராய்ச்சி மையமும் இத்தகைய கிராம ஆய்வுகளைத் தொடர்ந்து மேற்கொண்டது.

இம்மரபிலிருந்து எழுந்த ஆய்வு ஒன்று உலகக் கவனத்தை ஈர்த்தது. சாந்திநிகேதனத்திலேயே பிறந்து, அங்குள்ள பள்ளியில் பயின்ற பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென், விசுவபாரதியைச் சேர்ந்த சுனில் சென்குப்தாவுடன் இணைந்து, பீர்பூமின் குச்லி, சகஜாபூர் ஆகிய இரு கிராமங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் எடையை ஆராய்ந்து 1983-இல் கட்டுரை வெளியிட்டார். வயதுக்கேற்ற எடையைக் கொண்டு ஊட்டக் குறைவைக் கணித்தபோது, ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகள் பின்தங்கியிருப்பது புலப்பட்டது.

இம்முடிவின் முக்கியத்துவத்தைச் சற்றே விளக்குதல் வேண்டும். வறுமையைக் கணிக்கும்போது நாம் பெரும்பாலும் குடும்பத்தையே அலகாகக் கொள்கிறோம். ஒரு குடும்பத்தின் வருவாய் இவ்வளவு, உணவுச் செலவு இவ்வளவு என்று கணக்கிட்டு, அதனை உறுப்பினர் எண்ணிக்கையால் வகுக்கிறோம். ஆனால் ஒரே அடுப்பில் சமைத்த உணவு எல்லார் தட்டிலும் ஒரே அளவில் விழுவதில்லை. அந்த வேறுபாட்டைக் குடும்பக் கணக்கு மறைத்துவிடும். எடைக் கருவி மறைக்காது. எளிய கருவியும், வீடு வீடாகச் செல்லும் உழைப்பும், சமூகத்தைப் பற்றிய சரியான வினாவும் சேர்ந்தபோது உண்மை வெளிப்பட்டது. கிராமங்களில் ஆய்வுக்காகச் சென் பயன்படுத்திய மிதிவண்டி ஸ்டாக்ஹோமிலுள்ள நோபல் பரிசு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. ஊட்டச்சத்துத் திட்டங்களை நடத்தும் அலுவலர்கள், மாவட்டச் சராசரியோடு அமையாமல், சிறுவர் சிறுமியர் கணக்கைத் தனித்தனியே பார்க்கவேண்டும் என்பது இதன் படிப்பினை.

அண்மை ஆராய்ச்சியில் ஒரு நுண்ணுயிர்

அறிவியல் துறையில் அண்மைக்காலச் செய்தி ஒன்று குறிப்பிடத் தக்கது. பயிர் வளர்ச்சிக்கு உதவும் பாக்டீரியா வகை ஒன்றை விசுவபாரதியின் நுண்ணுயிரியல் ஆய்வாளர்கள் கண்டறிந்து, தாகூரின் நினைவாக அதற்குப் 'பான்டோயா தாகோரி' என்று பெயரிட்டதாக 2023-இல் அறிவிக்கப்பட்டது. ஜாரியா நிலக்கரிச் சுரங்கப் பகுதியின் மண்ணிலிருந்து இது பிரித்தெடுக்கப்பட்டது. மண்ணிலுள்ள சத்துகளைக் கரைத்துப் பயிருக்குக் கிடைக்கச் செய்வது இதன் இயல்பு.

பயிருக்கு வேண்டிய பேருட்டங்கள் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என மூன்று. இவற்றுள் சாம்பல் சத்தாகிய பொட்டாசியம் தண்டுக்கு உறுதியும் நோய் தாங்கும் ஆற்றலும் தருவது. மண்ணில் இச்சத்து இல்லாமல் இல்லை. ஆனால் அதன் பெரும்பகுதி கனிமத் துகள்களுக்குள் சிறைப்பட்டுக் கிடப்பதால் வேர்களுக்கு எட்டுவதில்லை. சில பாக்டீரியாக்கள் கரிம அமிலங்களைச் சுரந்து அக்கனிமங்களைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றன. இதனால் விடுபடும் சத்தை வேர் உறிஞ்சிக் கொள்கிறது. நம் நாட்டுக்கு வேண்டிய பொட்டாஷ் உரம் ஏறத்தாழ முழுவதும் வெளிநாடுகளிலிருந்தே வரவழைக்கப்படுகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், இத்தகைய நுண்ணுயிர்களின் மதிப்பு விளங்கும்.

எனினும், ஆய்வுக்கூடத்தில் கிடைத்த பயன் வயலிலும் கிடைத்துவிடும் என்று கருதிவிடலாகாது. நுண்ணுயிரின் அடையாளம் உறுதி செய்யப்படவேண்டும். தொட்டிகளில் வளர்த்த பயிரில் சோதிக்கவேண்டும். பல்வேறு மண்ணிலும் பருவத்திலும் வயல் சோதனை நடத்தவேண்டும். அது மனிதருக்கும் கால்நடைக்கும் தீங்கற்றது என்பது நிறுவப்படவேண்டும். உயிர் உரமாக விற்பதாயின் 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் தர விதிகளுக்கு உட்படவேண்டும். மண்ணில் ஏற்கெனவே வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களோடு போட்டியிட்டு இப்புதிய குடியேறி நிலைக்குமா என்பது வயலில்தான் தெரியும். இந்த நீண்ட பாதையின் கடைசிப் பகுதியில் உழவரின் நம்பிக்கை தேவைப்படுகிறது. ஸ்ரீநிகேதனில் இயங்கும் வேளாண்மைக் கல்விக்கான பல்லி சிக்ஷா பவனமும், ரதீந்திர கிருஷி விஞ்ஞான கேந்திரமும் இத்தகைய பாலமாக அமைய வல்லவை. 1974-இல் புதுச்சேரியில் தொடங்கிய கிருஷி விஞ்ஞான கேந்திரங்கள் இன்று நாட்டில் 700-க்கு மேல் பெருகியிருப்பதும் இப்பாலத்தின் தேவையைக் காட்டுவதே.

நீரும் மொழியும்

பீர்பூம் மாவட்டத்தின் சில வட்டாரங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்துள்ளது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட ஃபுளோரைடு கொண்ட நீரைப் பல்லாண்டு பருகுவோருக்குப் பற்களில் கறையும், நாளடைவில் எலும்பு மூட்டுகளில் இறுக்கமும் உண்டாகும். மேற்கு வங்கத்து ஆய்வாளர்கள் பலர் இதனை ஆராய்ந்து வந்துள்ளனர்.

பல துறைகள் ஏன் சேரவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. பாறையிலிருந்து ஃபுளோரைடு எவ்வாறு கரைகிறது என்பதை நிலவியல் சொல்லும். அளவை வேதியியல் காட்டும். நோயை மருத்துவம் அறியும். ஆனால் தெருக்கோடியிலுள்ள கிணற்றை விட்டுத் தொலைவிலுள்ள நல்ல நீர்க் குழாய்க்குப் பெண்கள் செல்லவேண்டுமாயின், அங்கே அவர்களுக்கு இடமுண்டா, அதற்கு எவ்வளவு நேரம் செலவாகும், எச்சரிக்கைப் பலகை எந்த மொழியில் எழுதப்பட்டுள்ளது என்பனவற்றைச் சமூக இயலும் மொழியியலுமே கூறமுடியும். கிணற்றுக்குக் குறியிட்டுவிட்டுப் போவதுடன் ஆய்வு முடிவடைவதில்லை.

மொழி என்றவுடன் சந்தாலி நினைவுக்கு வருகிறது. வளாகத்தைச் சூழ்ந்து சந்தால் பழங்குடி மக்களின் ஊர்கள் பல உள்ளன. சிற்பி ராம்கிங்கர் பைஜ் 1938-இல் கலா பவனத்தில் படைத்த 'சந்தால் குடும்பம்' என்னும் சிற்பம், இம்மக்களை இந்தியக் கலையின் நடுவே நிறுத்தியது. பொன்னும் பளிங்கும் இன்றிச் சிமெண்டும் செம்மண் கற்துகளும் கலந்து அது செய்யப்பட்டது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சந்தாலி மொழி இடம்பெற்றது. விசுவபாரதியில் அம்மொழிக்குத் துறை உள்ளது. சிற்பத்தில் காட்சிப் பொருளாக நின்ற சமூகத்தின் பிள்ளைகள், தம் மொழியைத் தாமே ஆராயும் மாணவராக வகுப்பறையில் அமர்வதே உண்மையான முன்னேற்றம் என்க.

வளாக நிகழ்ச்சிகளின் பயன்

விசுவபாரதியின் விழாக்களைக் காண வருவோர் அவற்றைப் பாட்டும் நடனமும் மட்டுமே எனக் கருதுவதுண்டு. அவற்றின் உட்பொருள் வேறு. 1928-இல் தொடங்கப்பட்ட மரம் நடு விழா, தாகூர் மறைந்த பிறகு அவர் மறைந்த நாளான வங்காளச் சிராவண மாதம் 22-ஆம் நாளில் கொண்டாடப்படுகிறது. இறந்தார்க்கு நினைவாக உயிருள்ள ஒன்றை நடுவது அரிய மரபு. அதனை அடுத்து ஸ்ரீநிகேதனில் 'ஹலகர்ஷணம்' என்னும் ஏர் பூட்டு விழா நடைபெறுகிறது. படித்தவர் கையில் ஏரைத் தருவதன் வாயிலாக, உழைப்புக்கும் கல்விக்கும் இடையே நம் சமூகம் எழுப்பிய சுவரை இடிப்பதே அதன் நோக்கம்.

பிப்ரவரி 6-ஐ ஒட்டி ஸ்ரீநிகேதனில் நடக்கும் ஆண்டு விழாவில் வேளாண் விளைபொருள்களும் கைவினைப் பொருள்களும் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. கலா பவன மாணவர்கள் டிசம்பர் முதல் இரு நாள்களில் நடத்தும் நந்தன் மேளா 1973-இல் தொடங்கியது. தம் ஓவியங்களையும் மட்கலங்களையும் நாட்குறிப்பேடுகளையும் விற்று, துன்பமுற்ற மாணவருக்கு உதவும் நிதியைத் திரட்டுவது அதன் நோக்கம். கலைப் பொருளுக்கு விலை வைக்கவும், கணக்கு எழுதவும், ஈட்டியதைப் பிறர்க்களிக்கவும் மாணவர் ஒருங்கே கற்கின்றனர்.

1894 முதல் நடைபெற்று வரும் பௌஷ் மேளாவோ, சுற்று வட்டாரக் கைவினைஞர்க்கும் பாவுல் பாடகர்க்கும் ஆண்டின் முக்கிய வாய்ப்பு. 2019-க்குப் பின் சில ஆண்டுகள் பல்கலைக் கழகத்தின் பொறுப்பில் இது நடைபெறவில்லை. 2024 டிசம்பரில் மீண்டும் நடந்தது. தொற்று நோய், கூட்ட நெரிசல், குப்பை, காற்று மாசு ஆகியவை பற்றிய கவலைகள் ஒருபுறம். ஓராண்டு உழைப்பைச் சில நாள்களில் விற்றுப் பிழைக்கும் குடும்பங்களின் வாழ்வு மறுபுறம். வளாக நிகழ்ச்சி ஒன்றை நிறுத்துவதும் நடத்துவதும் வளாகத்துக்கு வெளியே எத்தனை அடுப்புகளைத் தொடுகிறது என்பதை நிர்வாகிகள் உணர இது போதிய சான்று.

உயர்வும் அதன் சுமையும்

2023 செப்டம்பர் 17 அன்று ரியாத் நகரில் கூடிய யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு, சாந்திநிகேதனத்தை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவிலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்ற 41-ஆவது இடம் அது. மாணவர் பயிலும் கட்டடங்களும், வினோத் பிகாரி முகர்ஜி இந்தி பவனத்தில் 1946-47-இல் தீட்டிய இடைக்கால அடியார்களின் சுவரோவியமும், கே. ஜி. சுப்பிரமணியனின் கறுப்பு வெள்ளைச் சுவர்ப் படைப்பும் அருங்காட்சியகப் பொருள்களாக அல்லாமல் அன்றாட வாழ்வின் பகுதியாக நிற்பது இங்குள்ள சிறப்பு.

இவ்வுயர்வு சுமையையும் கொண்டுவந்துள்ளது. பயணிகள் பெருகுகின்றனர், நிலத்தின் விலை ஏறுகிறது, விடுதிகளும் ஓய்வு இல்லங்களும் எழுகின்றன. கோவாய்ப் பள்ளங்கள் இதனால் நெருக்கடிக்கு உள்ளாகின்றன. நிலம் விற்ற சிறு உழவரின் அடுத்த தலைமுறை அந்நிலத்தில் எழுந்த விடுதியில் வேலையாளாகிறது. இதனை வளர்ச்சி என்பதா, இழப்பு என்பதா? பழைய கிராமக் கணக்கெடுப்பு முறையைக் கொண்டு இன்று ஆராயவேண்டிய வினா இதுவே ஆகும்.

குறைகளையும் மறைத்தல் தகாது. கிராமச் சீரமைப்பு எவ்வளவு முயன்றும், நில உடைமையின் ஏற்றத்தாழ்வை அதனால் மாற்ற இயலவில்லை. நிலமற்றோருக்குக் கூட்டுறவு வங்கி தந்தது சிறிதே. மத்தியப் பல்கலைக் கழகமான பின், பாடத்திட்டம், தேர்வு, பட்டம், பதவி உயர்வு ஆகியவற்றின் ஒழுங்கு மேலோங்கியது. இரு வளாகங்களும் வெவ்வேறு பாதையில் செல்லும் போக்கு உண்டாயிற்று. ஆராய்ச்சியின் முடிவுகள் ஆங்கில ஏடுகளில் வெளியாகின்றன. ஆராயப்பட்ட கிராமத்தாருக்கு அவை எட்டுவது அரிது. வினாக்களுக்கு விடை தந்தவர்க்கு அவ்விடைகளால் என்ன தெரியவந்தது என்று சொல்வது அறிவுலகின் கடன் அன்றோ?

இக்கடனைத் தீர்க்கும் வழியையும் இந்நிறுவனமே முன்பு காட்டியிருக்கிறது. வீட்டிலிருந்தபடியே தாய்மொழியில் கற்றுத் தேர்வெழுத வழிசெய்த லோக சிக்ஷா சம்சத் 1930-களில் தோன்றியது. பேரண்டத்தைப் பற்றி எளிய வங்காளியில் தாகூரே ஓர் அறிவியல் நூலை 1937-இல் எழுதி, இயற்பியல் அறிஞர் சத்தியேந்திரநாத் போஸுக்குக் காணிக்கையாக்கினார். அந்தப் போஸே பின்னர் 1956-இல் விசுவபாரதியின் துணைவேந்தரானார். அறிவியலைத் தாய்மொழியில் கற்பிக்க இயலும் என்று வாழ்நாள் முழுதும் வற்புறுத்தினார்.

பிறர் கொள்ளத் தக்கவை

விசுவபாரதியின் கருத்துகள் வங்கத்தோடு நின்றுவிடவில்லை. 1924-இல் தொடங்கிய சிக்ஷா சத்திரம், ஏழைக் கிராமச் சிறுவர்க்குக் கைத்தொழிலோடு இணைந்த கல்வியை அளித்தது. சாந்திநிகேதனத்தில் பணியாற்றிய யாழ்ப்பாணத் தமிழர் ஆரியநாயகம், பின்னர் சேவாகிராமத்தில் காந்தியடிகளின் ஆதாரக் கல்விப் பணிக்குத் தலைமை தாங்கினார். அங்கே பயின்ற ஜி. இராமச்சந்திரன், 1947-இல் திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினார். அங்கு 1956-இல் எழுந்த கிராமியக் கல்வி நிறுவனம் 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக் கழகமாயிற்று.

இன்று இத்தகைய பணிக்கு அரசின் ஆதரவும் உண்டு. 2014-இல் தொடங்கப்பட்ட உன்னத் பாரத் அபியான் திட்டத்தின்கீழ், உயர் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் குறைந்தது 5 கிராமங்களோடு இணைந்து செயலாற்ற வகை செய்யப்பட்டுள்ளது. 2023-ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம், அறிவியலும் மானிட இயலும் சமூக இயலும் சந்திக்கும் துறைகளையும் தன் எல்லைக்குள் கொண்டுள்ளது. எனவே கல்லூரிகள் செய்யக்கூடியவை மூன்றினை இங்குச் சுட்டலாம்.

முதலாவது, கிராமத்தை ஒருமுறை ஆராய்ந்து விட்டுவிடாமல், குறித்த இடைவெளியில் அதே வீடுகளுக்குத் திரும்பிச் செல்லுதல். முந்திய கணக்குத் தாள்களைப் பாதுகாப்பது இதற்கு முதற்படி. அதற்குப் பெருந்தொகை எதுவும் வேண்டியதில்லை. இரண்டாவது, ஆய்வின் முடிவை அக்கிராமத்தாரின் மொழியில் சில பக்கங்களில் எழுதிக் கிராம சபையில் படித்துக் காட்டுதல். முடிவில் தவறிருப்பின் திருத்தவும் அச்சபையே ஏற்ற இடம். மூன்றாவது, ஒரு சிக்கலுக்கு ஒரு துறை மாணவரை மட்டும் அனுப்பாமல், வேதியியல் மாணவரோடு வரலாற்று மாணவரையும் ஓவிய மாணவரையும் சேர்த்து அனுப்புதல். நீரில் என்ன உள்ளது என்று ஒருவர் அளப்பார். அக்கிணறு யாருடையது என்று ஒருவர் கேட்பார். எழுத்தறியாதவரும் விளங்கிக்கொள்ளும் படத்தை ஒருவர் வரைவார்.

மாவட்ட, வட்டார அலுவலர்களுக்கும் இதில் பங்குண்டு. தம் அலுவலகத்திலுள்ள புள்ளிவிவரங்களை அண்மைக் கல்லூரியோடு பகிர்ந்துகொள்வதும், கல்லூரியின் ஆய்வு முடிவுகளைத் திட்டமிடும் கூட்டத்தில் எடுத்துப் பேசுவதும் புதிய ஆணைக்குக் காத்திராமலே செய்யக்கூடியவை. கலைக் கல்வியின் பயனைப் பணத்தால் மட்டும் அளக்க முற்படுவோர்க்கு, எடைக் கருவியோடு குச்லியிலும் சகஜாபூரிலும் வீடு வீடாகச் சென்ற ஆய்வாளர்களே விடை பகர்வர். சரியான வினாவைக் கேட்கக் கற்பிப்பது கலைக் கல்வி; அதன் விடையைக் கேட்டவரிடமே கொண்டு சேர்ப்பது வளர்ச்சிப் பணி. இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ் நடைபெறுமாயின், பல்கலைக் கழகத்தின் மதிலுக்கு அப்பாலுள்ள கிராமம் அதன் ஆய்வுப் பொருளாக மட்டும் இராமல், அதன் பங்காளியாகவும் விளங்கும்.